கேப்டன் நாரா எடுத்த முடிவு

ஜவ்வாது மலை,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ஈஸ்வரி எழுதுவது. நானும் நம் பாப்பா நிவேதாவும் நலம், மாடுகளும் நலம். நீங்களும், இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லி உங்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பட்டாளத்துத் தம்பிகளும் நலமாக இருக்க வேண்டும் என்று காளியம்மனுக்கு விளக்கு போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இளவரசன் பனிப் பிளவுக்குள் விழுந்ததைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. போன தடவை நீங்கள் லீவில் வந்தபோது நம் வீட்டில் களி தின்றுவிட்டு, கலசப்பாக்கம் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை. நீங்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தினமும் உள்ளே இறங்கித் தேடுகிறீர்கள் என்றும், தேடுவதா நிறுத்துவதா என்பதை அதிகாரி உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு, ‘இருள்கடல்’ டிவி தொடரில் பெக் என்ன ஆனான், இளவரசனுக்குப் பிடித்த ஆள், பையன்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், முதலில் அதை எழுது என்று ஒரு உத்தரவு வேறு. பொய் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குப் பொய் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

பெக் செத்துப்போனான்.

எப்படி என்று சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். அவர்களுடைய விண்கப்பல் அந்த வெள்ளை நிலாவில் இறங்கியது. மாமா, அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமே! மரம் இல்லை, புல் இல்லை, வானம் கறுப்பு, தரை முழுக்கப் பனி. பனிக்கு அடியில் கடல். இப்படி ஒன்றை யோசித்துப் படமாக்கியவர்கள் மனிதர்கள்தானா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். பெக் வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே வெளியே இறங்கிக் கப்பலின் காலைப் பழுது பார்த்தான். பனி விரிசல் விட்டது. உள்ளே போனவன்தான்.

எல்லோரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. முகமே இல்லாமல் வெளிச்சத்தால் பேசுமே, தூம் என்கிற அந்த வேற்றுலக ஜீவன், அது பனியின் மேல் படுத்துக் கீழே தேடியது. ஒரு நாள் முழுக்கத் தேடியது. பிறகு எழுந்து தன் வெளிச்சத்தை எல்லாம் அணைத்துக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் அது சொன்னது, நம் வீட்டு டிவி முன்னால் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சம்பூர்ணம் அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

பனி இன்னும் உடைகிறது, கிளம்பாவிட்டால் கப்பலே உள்ளே போய்விடும். பெக்கின் கூட்டாளிகளோ வர மாட்டோம் என்று நிற்கிறார்கள். அப்போது கேப்டன் நாரா எழுந்து வந்து, ஓட்டுகிறவனை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து கப்பலைக் கிளப்பினாள். ‘அவனை விட்டுவிட்டு வந்தது நான். உங்களில் யாரும் இல்லை’ என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கல்நெஞ்சுக்காரி, இவளும் ஒரு பொம்பளையா என்று நானும் சம்பூர்ணம் அக்காவும் மாறி மாறி வைதோம். சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். நல்ல மழை பெய்து, சாமை விதைக்க ஊரே ஏர் பூட்டியிருந்தது. டிவி பக்கமே வராத சின்னதம்பிப் பெரியப்பா, நம் வாசலில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து யாருக்கோ காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். சாவு விழுந்தால் அன்று நம் ஊரில் மண்ணைக் கீற மாட்டோமே! மனிதர் ஓடிப்போய்க் கொல்லை கொல்லையாக ஏரை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். பிறகு வந்து செத்தது யார் என்று கேட்கிறார். நான் பயந்து பயந்து, பெக் என்று ஒருத்தன், டிவியில் என்றேன். கொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ தாடியைச் சொறிந்துகொண்டார்.

“அவுத்த ஏர இன்னிக்கு மறுபடி பூட்டக் கூடாது. எவனா இருந்தா இன்னா, ஒரு நாளு அவனுக்குப் போவட்டும். நாளைக்குக் காலைல எல்லாரும் கொல்லைக்குப் போய்டணும். ரெண்டாம் நாளும் வூட்ல குந்திக்கினு இருந்தா செத்தவனுக்கே ஆவாது” என்றார்.

அப்படி, எந்த ஊர் என்றே தெரியாத பெக்குக்காக நம் மலையில் ஒரு நாள் விதைப்பு நின்றது. இதைத் தம்பிகளிடம் சொல்லுங்கள். இளவரசன் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாராவைத் திட்டுவதற்கென்றே டிவி முன்னால் உட்கார்ந்தேன். கப்பலில் சாப்பாட்டு மேசை. ஒருவரும் தட்டைத் தொடவில்லை. நாரா வந்தாள், பெக்கின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள், கரண்டியை எடுத்தாள். விழுங்க முடியவில்லை, ஆனாலும் எல்லோரும் பார்க்க ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் கை தட்டுக்குப் போனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, மாமா. இத்தனை வாரம் பார்த்தும் அவளை எனக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது. திட்டிய வாயாலேயே அவளைக் கும்பிட்டேன். இவ்வளவு பெரிய பாரத்தை ஒருத்தி தூக்க முடியுமா என்று இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

தம்பிகளுக்குப் படிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி எழுதுவது உங்களுக்கு மட்டும்.

போன புதன்கிழமை மலை இறங்கிப் போய் இளவரசனின் அம்மாவைப் பார்த்தேன். சாந்தம்மாள் என்று பேர். ஆறுதல் சொல்லத்தான் போனேன். நீங்கள் தினமும் பிளவுக்குள் இறங்கித் தேடுகிறீர்கள் என்பதை மட்டும் சொன்னேன். அந்த அம்மா சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“என் புள்ள எங்க கெடந்தாலும் என் புள்ளதான். அவனத் தேடறன்னு இன்னொருத்தி புள்ள உள்ள போய்ட்டா, அந்தத் தாய்க்கு நான் இன்னா பதில் சொல்றது? போதும்னு எழுதும்மா” என்றார்கள்.

எழுதிவிட்டேன். நானாகச் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், பயந்தாங்கொள்ளி என்பீர்கள். ஆமாம், எனக்குப் பயம்தான். உங்கள் கடிதம் படித்ததிலிருந்து வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. நிறுத்தலாம் என்று சொல்ல அந்தத் தம்பிகள் ஒருவருக்கும் வாய் வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்களே முதலில் தட்டை எடுத்துச் சாப்பிடவும் வேண்டும்.

நான் கிளம்பும்போது சாந்தம்மாள் ஒன்று கேட்டார்கள். உன் வீட்டுக்காரர் லீவில் வந்தால் இங்கே கூட்டிக்கொண்டு வா, என் பிள்ளை அங்கே என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், குளிரில் எப்படித் தூங்கினான் என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்றார்கள். அதைச் சொல்ல உலகத்தில் உங்களை விட்டால் ஆள் இல்லை. கட்டாயம் கூட்டிவருகிறேன் என்று அந்த அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

என் சத்தியத்தைப் பொய்யாக்கிவிடாதீர்கள், மாமா.

காளியம்மன் உங்கள் எல்லோரையும் காப்பாள்.

உங்கள்,
ஈஸ்வரி