இரண்டாவது டிஸ்க்கும் எழ வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

புது சர்வர் கணினி வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தின் அவசர அழைப்புகள் எல்லாம் இனி இதன் வழியாகத்தான். என் மேலாளர் டுவைட், "ஒரே டிஸ்க்ல ஏத்திடு வெர்னா, வெள்ளிக்கிழமை ஓடணும்" என்றார்.

இரண்டு டிஸ்க் வேண்டும், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிய வேண்டும், லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றும்போதே அதைச் செய்துவிடலாம் என்றேன்.

"ஜோடி சேர்த்துக் கல்யாணமா பண்ணி வைக்கப்போறே?"

சிரிக்கட்டும். ஜனவரியில் பழைய சர்வரின் ஒரே டிஸ்க் செத்தபோது அழைப்பு மேஜையில் இருந்தவள் ஐலீன். திரையில் வரைபடம் மறைந்தது. ஆம்புலன்ஸ் வேறு சாலைக்குப் போனது. அது வந்து சேர்வதற்குள், உதவி கேட்டு அழைத்திருந்த ஹார்லன் இறந்துவிட்டார். அந்தச் சாலைப் பக்கம் ஐலீன் இப்போது வண்டியே எடுப்பதில்லை.

மார்ச் 4

இரண்டு டிஸ்க்கையும் ஒரே அளவாகப் பிரித்து, ஜோடியாக இணைத்து, அதன்மேல் லினக்ஸை ஏற்றினேன். ஓடுகிறது. டுவைட் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 5

முதல் டிஸ்க்கை உருவிவிட்டு இயக்கிப் பார்த்தேன். கறுப்புத் திரை.

அப்போ நேத்து நான் பண்ணினது என்ன? பொம்மையா?

தேடிக் கண்டுபிடித்தேன். தகவல் எல்லாம் இரண்டாவதில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இயந்திரத்தை எழுப்பிவிடும் சின்ன நிரல் முதல் டிஸ்க்கில் மட்டும்தான்.

"ஓடுறதை ஏன் நோண்டுறே? யார் வந்து டிஸ்க்கை உருவப்போறாங்க?" – டுவைட்.

"யாரும் உருவ வேணாம். அதுவே சாகும்." குரல் ஏறிடுச்சு. ஏறட்டுமே.

நேராக மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப்பிடம் போய்த் திங்கள்வரை நேரம் கேட்டேன். "ஜனவரி மாதிரி இனி ஆகாதுன்னு சொல்லு, தர்றேன்" என்றார்.

"டிஸ்க் சாகாதுன்னு சொல்ல மாட்டேன். செத்தாலும் வரைபடம் மறையாதுன்னு சொல்றேன்."

தந்தார்.

மார்ச் 6

டுவைட் என்னோடு பேசவில்லை.

மார்ச் 9, திங்கள்

எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினேன். எழுப்பும் நிரலை இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனியாக எழுதினேன். முதலாவதை உருவினேன் – எழுந்தது. திரும்பச் செருகி, இரண்டும் சமமாகும்வரை காத்திருந்து, மற்றதை உருவினேன். அப்போதும் எழுந்தது!

திரும்பவும் இரண்டும் சமமானபின் ஐலீனைக் கூப்பிட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை இழுக்கச் சொன்னேன்.

"நானா? ஐயோ, வேணாம்டி."

"இழு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். திரையில் வரைபடம் அசையவில்லை. டிஸ்க்கைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றாள். டுவைட்டும் வாசலில் நின்று பார்த்தார். "சரி, ஓட விடு" என்றார்.

ஜூன் 18

காலையில் சர்வரிடமிருந்து மின்னஞ்சல்: ஒரு டிஸ்க் செயலிழந்தது. வேறொன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே ஐலீன் தொலைபேசியில் இருந்தாள். கவிழ்ந்த டிராக்டருக்கு அடியில் ஒருவன். அவன் மனைவி அழுவது எனக்கே கேட்டது. "அழாதம்மா. வண்டி உங்க கேட்டுக்கிட்ட திரும்புது, எனக்குத் தெரியுது. வெளியே வந்து கை காட்டு."

சத்தம் போடாமல் பின்னால் போய்ச் செத்ததைக் கழற்றிப் புதியதைச் செருகினேன். அதிலும் எழுப்பும் நிரலை எழுதினேன்.

ஐலீன் ஹெட்போனைக் கழற்றினாள். "டிராக்டரைத் தூக்கிட்டாங்க. பேசுறானாம்." பிறகு என்னைப் பார்த்து, "அங்க என்னடி பண்றே?"

"தூசி தட்டுறேன்."

"தட்டினது போதும். வா, காப்பி போடுறேன்."