ஆன்டெனாவுக்கு வைத்த சந்தனம்

அக்கா,

இன்று ஆயுத பூஜை. உன் பழைய காரைக் கழுவித் துடைத்து, சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தேன். ஸ்டியரிங், சக்கரம், டிக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. ஆன்டெனா பக்கம் வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

திருப்பனந்தாளில் தை மாதக் கல்யாணத்துக்குப் போனோமே, அந்தக் காலை நினைவிருக்கிறதா? அன்றுதான் உன் மகள் முதன்முதலாக ரேடியோவில் பேசப்போகிறாள். வீட்டிலேயே இருந்து கேட்டிருக்கலாம், முகூர்த்தம் விடவில்லை. "கார்லயே கேட்டுக்கலாம் வாடி" என்று கிளம்பிவிட்டாய். திருவிடைமருதூர் தாண்டியும் ரேடியோவில் அப்பளம் பொரிகிற சத்தம்தான்.

முதலில் என் போன் சார்ஜர் மேல் பழி போட்டாய். பிடுங்கினேன். அடுத்து கரண்டுக் கம்பி, அப்புறம் தென்னந்தோப்பு. தோப்பும் போய், இரு பக்கமும் கதிர் சாய்ந்த வயல் மட்டும் இருந்தபோது குற்றம் சொல்ல உனக்கு ஆளே இல்லை. ரேடியோவை ஓங்கி ஒரு தட்டு தட்டினாய். அதற்கும் மசியவில்லை. மணி எட்டாகப் போகிறது. உன் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடம் முடிக்கிறவரை திக்கித் திக்கிப் பேசிய பெண். அவளுடைய முதல் வணக்கத்தை ஊரே கேட்கும், நீ மட்டும் கேட்க மாட்டாய்.

வாய்க்கால் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆன்டெனாவைத் திருகிக் கழற்றினேன். அடியில் மரையெல்லாம் அடைத்துக்கொண்டு, காய்ந்துபோன சந்தனம்!

"யாருடி இதுல போய் வச்சது?"

"நீதான்! ஆயுத பூஜைக்குக் கழட்டிக் குளிப்பாட்டி, அடியில பொட்டு வச்சு மாட்டினியே?"

"அதுவும் பாவம் நாள் பூரா உழைக்குது. அதுக்கு மட்டும் வைக்க வேணாமா?"

சொல்லிக்கொண்டே கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினாய். பட்டுப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டினாய். "வணக்கம் நேயர்களே" என்றாள் உன் மகள், கொஞ்சமும் திக்காமல். நீ நடு ரோட்டில் நின்று கைகூப்பி, "வணக்கம்மா" என்றாய். சைக்கிளில் வந்த பெரியவர் தனக்குத்தான் என்று நினைத்து, பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நீ இல்லாமல் வந்திருக்கும் முதல் ஆயுத பூஜை இது. உன்னை ரொம்பத் தேடுகிறது, அக்கா. ஆனாலும் ஆன்டெனாவுக்குப் பொட்டு வைக்காமல் விடவில்லை, நுனியில் மட்டும். எட்டு மணிக்கு ரேடியோவைப் போட்டேன். உன் மகள் வணக்கம் சொன்னாள். சந்தனக் கையோடு கும்பிட்டு, உனக்கும் சேர்த்து இரண்டு தடவை பதில் சொன்னேன்.

"வணக்கம்மா. வணக்கம்மா."