முகம் பொருந்திவிட்டது

செப்டம்பர் 2
வங்கிக் கணக்கு உள்ள கைபேசியை மரவள்ளி மாவு டப்பாவுக்குள் ஒளித்துவிட்டு, திருடனுக்கென்று வைத்திருக்கும் பழையதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பிரேசில் முழுக்க இப்போது இந்தப் பிழைப்புதான். தம்பி எவரால்டோ சிரிக்கிறான். "திருடனுக்குத் தனியா போன் வெச்சிருக்கியே அக்கா, சார்ஜரையும் சேத்துக் குடுத்துடு." வேலை போனதிலிருந்து பின்னறையில்தான் இருக்கிறான். டப்பா விஷயம் அவனுக்குத் தெரியும்.

செப்டம்பர் 9
நாற்பத்தாறு முடிந்தது. யாரோ பூங்கொத்து அனுப்பியிருக்கிறார்கள், பெயர் இல்லாமல். கொண்டுவந்த பெண், கொடுத்ததற்கு அத்தாட்சி என்று என்னைப் படம் எடுத்துக்கொண்டாள். "கொஞ்சம் சிரிங்க டோனா நெய்டே, பொறந்த நாளும் அதுவுமா!" எனக்குப் பூ வந்து எத்தனை வருடம்!

செப்டம்பர் 12
பணம் போய்விட்டது. கூரை மாற்றச் சேர்த்த பதினோராயிரம் ரெயாலும். நேற்று மதியம், யாரென்றே தெரியாத கணக்குக்கு. வங்கியில் ஒருத்தி சொல்கிறாள்: "உங்க முகத்தக் காட்டித்தான் அனுப்பியிருக்கீங்க மேடம். சரியா பொருந்தியிருக்கு."
நானா? நேற்று மதியம் தலைவலியென்று சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது நான், அப்புறம் — அவன்.

செப்டம்பர் 13
தூங்குகிற முகத்துக்கு நேரே பிடித்தால் திறக்குமா? கண்ணை மூடிக்கொண்டு சோதித்தேன். திறக்கவில்லை. அரைக்கண்ணில் திறந்தது.
நான் அரைக்கண்ணில் தூங்குவேனா? யாரிடம் கேட்பது?

செப்டம்பர் 14
எவரால்டோவுக்குப் புதுச் செருப்பு.

செப்டம்பர் 15
கேட்டுவிட்டேன். "நான் தூங்கறப்ப என் மூஞ்சிக்கு நேரா போனக் காட்டுனியாடா?"
விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "செருப்பு, மூலை வீட்டுக்குப் பெயின்ட் அடிச்ச காசுல வாங்குனதுக்கா" என்றான், நான் அதைக் கேட்காமலேயே.
பையைக் கட்டினான். என்னென்ன எடுத்து வைக்கிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐயோ, நின்று பார்த்தேனே.

செப்டம்பர் 19
காவல் நிலையம். எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்: "சமீபத்துல பொறந்த நாளு வந்துச்சாம்மா? யாராச்சும் பூ, கேக்கு கொண்டாந்தாங்களா?"
பூ வந்ததைச் சொன்னேன்.
"படம் எடுத்திருப்பாங்களே. அத வெச்சே அவங்க போன்ல உங்க கணக்கத் தெறந்துட்டாங்க. இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு."
எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அந்தப் பூவுக்கு மட்டும் தினமும் தண்ணீர் மாற்றினேன்.

செப்டம்பர் 20
எவரால்டோவை அழைத்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 21
எடுக்கவில்லை.

அக்டோபர் 27
வங்கி நாலாயிரம் திருப்பித் தந்தது. மீதிக்கு வழக்கு.
எவரால்டோ வாடகைக்கு இருக்கும் அறையைத் தேடிப் போனேன், பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு. அவன் கோபமாக இல்லை. காபி போட்டான். இரண்டு நாற்காலியையும் வெளியே நடைபாதையில் கொண்டுவந்து போட்டான்.
"தூறுதேடா. உள்ள உக்காரலாமே?"
"வேணாங்க்கா. உள்ள வந்தா, அப்புறம் உன் பையில எதாச்சும் காணோம்ப."
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தூறலிலேயே உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்தோம்.