இருபத்திரண்டு விநாடிச் சேகண்டி

பிப். 16, திங்கள்

காற்று. காலையிலிருந்து கண்ணில் மண். கணக்குப் பரீட்சை சுமார். கணக்கு டீச்சருக்கும் நான் சுமார்தான்; சமன்பாடு சரி.

எங்கள் உருமி மேளக் குழுவின் வெண்கலத் தட்டு, அதாவது சேகண்டி, காலி. உபயம்: நான். வெள்ளிக்கிழமை அதைப் பள்ளிக்கூடப் பின்சுவரில் தொங்கவிட்டு, பத்து நிமிடம் முன்பே வீட்டு மணி அடித்தேன். பத்தாம் வகுப்பு மொத்தமும் பையோடு வெளியே. அதுவரை வெற்றி. மரக்கட்டை கிடைக்கவில்லை என்று இரும்புச் சுத்தியலால் அடித்ததுதான் தப்பு. வெண்கலத்துக்கு இரும்பு ஆகாது. ஞாபகம் வந்தது விரிசல் விட்ட பிறகு. இப்போது தட்டினால் சளி பிடித்த தகரம்.

சுப்பு அண்ணன் திட்டவில்லை. (உருமி அடிப்பவர். குழுவுக்குத் தலை. பால் வண்டி ஓட்டுவது வயிற்றுக்கு.) திட்டாததுதான் பயம்.

“அடுத்த வாரம் செவ்வாக்கெழம மாரியம்மன் நோம்பி. அதுக்குள்ள நல்லதா ஒண்ணு கொண்டுட்டு வா. இல்லீன்னா நீ கூட்டத்துல நின்னு கைதட்டு.”

மூன்று வருடமாகச் சேகண்டி நான்தான். குழுவில் ஒரே பெண்ணும் நான்தான். ஒருமுறை விலகி நின்றால் அந்த இடத்துக்கு வரத் தயாராக அவருடைய மச்சான்கள் நால்வர்.

பிப். 18, புதன்

உண்டியல் உடைப்பு. உள்ளே காசு, ஒரு பல் (என்னுடையதுதான்), கோலிக்குண்டு. குழுப் பணமும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆன்லைனில் தேடினேன். படத்தில் பளபளப்பு எல்லாம் உண்டு. சத்தம் எப்படிக் கேட்பது?

பிப். 21, சனி

பாலக்காடு. துணைக்குத் தோழி தேவி. பஸ்ஸில் நின்றபடி.

பார்த்தவை:
1. பித்தளை. மலிவு. தட்டினால் ‘டக்’. மூடி வகையறா.
2. மிஷின் வேலை. வழவழ. குரல் இல்லை.
3. கையால் தட்டி எடுத்த வெண்கலம். முதுகெல்லாம் சுத்தியல் தழும்பு. பார்க்க அம்மை வார்த்த மாதிரி. அடித்தால் சொர்க்கம்.

மூன்றாவதில் இரண்டு: சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பெரியதற்கு என் கையில் நூறு ரூபாய் போதவில்லை. கடைக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து கரைத்தார். “மோளே, ரெண்டும் கொண்டு போய்க்கோ. வீட்ல வெச்சு அடிச்சு நோக்கு. வேண்டாததத் திங்கக்கிழம கொண்டு வரணும்.” தன் கொலுசை அடகு கேட்பாரோ என்று தேவி பயந்தாள். இருந்த பணத்தோடு ஃபோன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிப். 22, ஞாயிறு

என்ன எழுதுவது. எழுதிவிடுகிறேன்.

காலை ஆறரை. எங்கள் வாசல் வேப்பமரத்தில் இரண்டையும் கட்டினேன். நாதம் நீளமாக நிற்பதே நல்லது என்பது என் கணக்கு. தேவி கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு அடி. சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருப்பு. அடுத்த அடி. சின்னது பதினொரு விநாடி. பெரியது இருபத்திரண்டு! குதித்தேன். உறுதிக்காக இன்னும் மூன்று தரம்.

விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாகச் சேகண்டி. இந்த ஊரில் அது எப்போது கேட்கும்? எழவு வீட்டில். எனக்கு உறைக்கவில்லை. ஊருக்கு உறைத்தது.

எதிர்வீடு பாப்பாத்தி அத்தை. ஆபரேஷன் முடிந்து கோயமுத்தூரிலிருந்து வியாழக்கிழமைதான் கூட்டி வந்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்று ஊருக்குள் பேச்சு. பத்து நிமிடத்தில் அவர்கள் வாசலில் முப்பது பேர். அதில் எங்கம்மா முதல் ஆள். தலையை அவிழ்த்துப் போட்டு, “போயிட்டீங்களே அண்ணீ...” சங்கு ஊதியதும் கேட்டதாக ஒரு அக்கா சத்தியமே செய்தது. சங்கே கிடையாது!

அத்தை ஜன்னலில். கையில் கஞ்சி டம்ளர்.

“ஏனுங் அம்மிணி, ஆருங்க போனது?”

அம்மா அப்படியே கொண்டை போட்டது.

சிரித்திருக்க வேண்டிய இடம். அத்தை மகன் செந்தில் அண்ணன் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தது. “எங்கம்மாளுக்கு அடிச்ச சேகண்டி கோயலுக்குள்ள வந்துச்சுன்னா பாத்துக்க.”

சாயங்காலம் சுப்பு அண்ணன்: “அவங்க ஊட்ல சரின்னு சொல்லோணும். இல்லீன்னா ரெண்டுமே வேண்டாம். நீயும்.”

அம்மா சோறு மட்டும் வைத்தது.

பிப். 23, திங்கள்

பள்ளிக்கு மட்டம். செந்தில் அண்ணன் தோட்டத்துக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு எதிர்வீடு. சாக்கில் இரண்டு சேகண்டி.

யோசித்து வைத்திருந்த வசனம் ஒரு பக்கம். “தெரியாமப் பண்ணிட்டேன் அத்தை.” அவ்வளவுதான் வந்தது.

அத்தை மெலிந்து, கட்டிலில் பாதிதான். வாய் மட்டும் பழைய அளவு.

“ஆரு ஆரு அழுதாங்கன்னு பாத்து வெச்சிருக்கேன். உன்ற அம்மா நல்லா அழுதா. மேக்கால ஊட்டுக்காரி வெறுங்கண்ணத் தொடைக்கறா!” அப்புறம், “பயந்துட்டேன் சாமி. நாம போனது நம்முளுக்கே தெரியாம அடிச்சிட்டாங்களோன்னு ஒரு நிமிசம்...”

நான் தரையைப் பார்த்தேன். சாணி மெழுகல் அல்ல, டைல்ஸ். எண்ணினேன். பதினெட்டு வரை.

“செத்தாத்தான அது எழவுச் சேகண்டி? செந்திலுகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நோம்பி அடி எப்படி இருக்கும், அடி.”

பெரியதை எடுத்தேன். குழுவின் வேகத்தில் அடித்தேன். ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறி, அதன்மேல் இன்னொன்று. தாளமே தெரியவில்லை. ஒரே இரைச்சல் கூழ்.

“கொசகொசங்குது. இன்னொண்ணு?”

சின்னது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கத்தரித்த மாதிரி.

இருபத்திரண்டு விநாடிக்காக ஊரையே அழவைத்தேன். வேண்டியது பதினொன்று.

மதியமே பஸ் ஏறிப் பெரியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பிப். 24, செவ்வாய்

நோம்பி. வெயில். கூட்டம். சுப்பு அண்ணன் தலையசைத்தார். செந்தில் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அத்தையை நாற்காலியோடு தூக்கி வந்து கோயில் வேப்பமரத்தடியில் வைத்தது அதுதான்.

உருமி ஏறியது. நான் முதல் அடி அடித்தேன்.

கூட்டம் மொத்தமும் சாமியை விட்டுவிட்டு அத்தை பக்கம் திரும்பியது.

அத்தை கையைத் தூக்கியது. “இங்கதானுங்க இருக்கறேன்! நீ அடி சாமி!”