வரிக்கு நடுவே ஒரு மூச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகம்தானே? ஆல்பர்ட்டா குளிர் எனக்குப் பழகிவிட்டது. கம்பளிக் காலுறை மட்டும் இரண்டு ஜோடி அனுப்புங்கள்.

நமக்குப் பிடித்த 'அயர்ன் ஹார்பர்' ராக் குழு இந்த வயதில் பழைய ப்ளூஸ் பாட்டுகளைப் பாடி ஆல்பம் போட்டிருக்கிறதே, அதை வைத்து எங்கள் வேலை முகாம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே சண்டை.

"இது அந்தப் பாடகன் குரலே இல்ல. யாரையோ பாடவெச்சு ஏமாத்துறாங்க," என்றான் லாரி ஓட்டும் கர்டிஸ். "அவன் முழு வரியையும் ஒரே மூச்சுல இழுப்பான். இதுல நடுவுல மூச்சு வாங்குது பாரு."

"வயசாயிடுச்சுடா. உனக்கும் ஆகும்," என்றாள் சமையல்கார மோனா.

நானும் கர்டிஸ் கட்சிதான். ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டேன். குரல் அவருடையதேதான். அந்த மூச்சைத்தான் வேறெங்கோ கேட்ட மாதிரி இருந்தது. போன ஞாயிறு போனில் நீங்களும் அப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் பேசினீர்கள். கேட்டதற்கு, மாடியிலிருந்து ஓடி வந்தேன் என்றீர்கள்.

உங்களைப் போலச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் நெஞ்சை டாக்டர் வருஷா வருஷம் பார்ப்பாரே, என்ன சொன்னார்? அம்மாவை எழுதச் சொல்ல வேண்டாம், நீங்களே எழுதுங்கள். ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

நம் வீட்டுக்கு மாடி ஏது அப்பா?

ரோனா