ஊசித்தட்டானின் பனித்துளிகள்

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு இருமல் விட்டுவிட்டது. இரண்டு பல் முளைத்திருக்கிறது, அவற்றை என் தோளில்தான் சோதித்துப் பார்க்கிறான். பெரியவளுக்கு வயது நாலரை, வாய்க்கு மட்டும் நாற்பது. பதில் தாமதமானதற்கு இவர்கள்மேல் பழி போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காரணம் அதுவல்ல.

அருங்காட்சியகத்தில் உன் பொறுப்பில் திறக்கும் சிறுவர் கூடத்தின் வாசலில் என் ஊசித்தட்டான் படத்தைக் கதவளவு பெரிதாக்கி மாட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அதன் அடியில் போடும் வரியையும் அனுப்பியிருந்தாய்: ‘கைக்குழந்தைக்காரி ஒருத்தி விடியலில் இரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருந்து எடுத்தது.’ இவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “யாரும்மா அந்தப் பொறுமைசாலி, எனக்கும் கொஞ்சம் காட்டேன்” என்றார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றேன்.

விடியல் கதையை உனக்குச் சொன்னவள் நான்தான். படம் எடுத்தது மத்தியானம், சாப்பாட்டு மேசையில். விடியலில் நான் பால்புட்டி கழுவிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போலத் தூங்கும் நாற்பது நிமிடம்தான் எனக்கு என்று இருப்பது. மேக்ரோ படம் என்றால் மிக நெருக்கத்தில் எடுப்பது, ஒரு தடவைக்கு ஒரு துளி இடம்தான் தெளிவாக விழும். அதனால் ஒரே பூச்சியை இருபது முப்பது தடவை எடுக்க வேண்டும், கண்ணுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, இறக்கை நுனிக்கு ஒன்று. பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நடுவில் பூச்சி ஒரு கால் மாற்றி வைத்தாலும் போச்சு. அதற்காகத்தான் அந்த ஒல்லித் தட்டானைப் பிடித்து, டப்பாவில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்தேன். குளிரில் விறைத்துவிட்டால் அசையாது என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். “தக்காளிக்குப் பக்கத்துல யாரு புதுசா குடிவந்திருக்காங்க?” என்று இவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நீ வியந்து எழுதியிருந்த பனித்துளிகளையும் சொல்லிவிடுகிறேன். கிளிசரினும் தண்ணீரும். பெரியவளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொன்றாக வைத்தேன். இடது முன்காலில் மின்னுவது மட்டும் அதுவும் இல்லை, பசை. உட்காரவைத்த புல்தண்டிலிருந்து பூச்சி சரிந்துகொண்டே இருந்தது என்று காலை ஒட்டினேன். கைபேசியில் பார்த்தால் தெரியாது. கதவளவில் தெரியும். எடுத்து முடித்ததும் ஜன்னலோரம் வைத்தேன், சற்று நேரத்தில் பறந்துபோனது.

உனக்குப் படம் அனுப்பியபோதே இதைச் சொல்லியிருக்கலாம். ‘எப்படிடீ எடுத்தே?’ என்று நீ கேட்டாய். பிள்ளை பெற்ற பிறகு யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பால் குடித்தானா, தூங்கினானா, இவ்வளவுதான் கேட்பார்கள். வாய் தானாக விடியல் என்று சொல்லிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை குளிர்பெட்டியில் பனிக்கட்டி எடுக்கப் போனேன். பனிக்கட்டித் தட்டுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி. உள்ளே சிவப்புப் பொறிவண்டு, காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. பெரியவள் ஓடிவந்து, “உஷ்… அது தூங்குதும்மா. நான் போட்டோ எடுக்கப்போறேன்” என்றாள். நான் படம் எடுத்த அன்றைக்கு அவள் பாதித் தூக்கத்தில் எழுந்துவந்து மேசைப் பக்கத்தில் நின்றதும், பூச்சி ஏன் ஆடாமல் இருக்கிறது என்று கேட்டதும், தூங்குகிறது, எழுந்து பறந்துவிடும் என்று நான் சொன்னதும் அப்போதுதான் உறைத்தது. வண்டை உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதி ஊதிச் சூடு காட்டினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. சாயங்காலம் என் மடியில் வந்து உட்கார்ந்து, “ஒன்னோடது எந்திரிச்சுப் பறந்துச்சுல்ல? என்னோடது மட்டும் ஏம்மா எந்திரிக்கல? நான் தப்பா வெச்சுட்டேனா?” என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நெட்டை, மூன்று பத்திக்கு மேலே ‘பறந்துபோனது’ என்று எழுதியிருக்கிறேன் பார், அதுவும் பொய். எழுந்திருக்கவே இல்லை. பசையிலிருந்து பிரித்தபோது ஒரு கால் தண்டோடு நின்றுவிட்டது. காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். உன்னிடம் உண்மை சொல்ல உட்கார்ந்த கடிதத்திலேயே கை அப்படி எழுதியிருக்கிறது. அடித்துவிட்டு எழுதியிருக்கலாம், நீயும் பார்த்துவிடு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை படம் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குள் கடிதம் சேர்ந்துவிட வேண்டும் என்று இன்றைக்கே விரைவு அஞ்சலில் போடுகிறேன். படத்தை நிறுத்திவிடு. வரியை மட்டும் மாற்றிப் போடலாம் என்று எனக்காகப் பார்க்காதே. அந்த வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள், எப்படி எடுத்தார்கள் என்று கேட்பார்கள். மேலிடத்தில் உனக்குப் பேச்சு வரும், தெரியும். என் பெயரைச் சொல்லியே பதில் சொல்.

பெரியவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். உள்ளறையில் அவள் புரளும் சத்தம் கேட்கிறது. தப்பாக வைத்தது அவள் இல்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன். அதற்கப்புறம் வார்த்தை வருமா, தெரியாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கூடம் நல்லபடியாகத் திறக்கட்டும், வருகிற பிள்ளைகள் எல்லாம் கண் நிறையப் பார்த்துவிட்டுப் போகட்டும். என்னைத் திட்ட வேண்டும்போல இருந்தால் நன்றாகத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழி