படம் வராத உலாவி

2007 ஆவணி, வெள்ளி. கிளிநொச்சி.

என் இணையக் கடையின் பழைய கணினிகளுக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவி பாரம். ஒபேராதான் சரி, படங்களை நிறுத்திவிட்டால் செய்திப் பக்கம் உடனே விரியும்.

இன்று மீன் வியாபாரி செல்வமண்ணை, முல்லைத்தீவில் குண்டு விழுந்த செய்தியைப் பார்க்க வந்தார். அவர் மனைவி ராணி அக்கா அங்கே போயிருந்தார். படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம்.

"படத்தைப் போடு தம்பி."

போட்டேன். மேலிருந்து துண்டு துண்டாக இறங்கியது. பிய்ந்த கூரை, இரத்தம், நீலச் சேலை. முகம் வருவதற்குள் கணினியின் வயரைப் பிடுங்கினேன்.

"முகத்தைக் காட்டடா." விசைப்பலகையால் என் வாயில் அடித்தார். பல் ஒன்று போய்விட்டது.

அவர் போனபின் தனியே திறந்து பார்த்தேன். அக்காதான்.

எல்லாக் கணினியிலும் படங்களை நிறுத்தினேன். படம் காட்டிவிடக்கூடிய ஃபயர்ஃபாக்ஸையும் அழித்தேன். விடிய அவர் திரும்பவும் பார்க்க வருவார். என் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.